ஏதென்ஸில் பட்டம் தெளித்தவர்

என் பெயர் எழில். நோர்வேயில் நான் படித்த சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதை ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ழகரத்துக்கு இஸட், எச் என்று இரண்டு எழுத்துப் போட்டுப் பதிந்திருந்ததால் ரீச்சர் 'எஸ்ஹில்' என்று வாசித்தார். இரண்டாம் கிழமை நான் துணிந்து எழும்பி, "அப்படி இல்லை, லகரம் மாதிரி, ஆனால் நாக்கை மடிக்க வேண்டும்" என்று விளக்கினேன். பின்வாங்கிலிருந்து ஒரு பையன் "எல்க்?" என்று கேட்டான். எல்க் என்றால் அந்த ஊர்க் காடுகளில் திரிகிற பெரிய கொம்பு மான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் முந்தி. ஏழாம் வகுப்பு முடியும்வரை நான் எல்க்தான்.

அம்மாவிடம் சொன்னபோது அவர் பெரிதாகப் பதறவில்லை. "எங்கட பள்ளிக்கூடத்திலயும் பட்டம் தெளிப்பினம்" என்றார். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதற்கு யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல் நன்றாகப் பிடித்துப்போனது. தண்ணீர் தெளிக்கிற மாதிரி பெயரைத் தெளிப்பது. மேலே பட்டால் காயக் கொஞ்ச நேரம் எடுக்கும்.

பல வருடம் கழித்து, பழைய கிரேக்க நாடகங்களை மொழிபெயர்ப்பில் வாசிக்கத் தொடங்கியபோது, இந்தக் கலையில் எங்கள் பின்வாங்குப் பையனையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற ஒருவரைக் கண்டேன். அவர் அரிஸ்டோஃபனீஸ். இன்றைக்கு ஏறத்தாழ 2,400 வருடங்களுக்கு முன் ஏதென்ஸ் நகரத்தில் பகிடி நாடகம் எழுதியவர். சுமார் 40 நாடகங்கள் எழுதினார், 11 நாடகங்கள் முழுதாக நம் கைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய ஒவ்வொரு பக்கத்திலும் யாரோ ஒருவருடைய பெயர் அடி வாங்குகிறது.

அந்தப் பகிடி விளங்க வேண்டுமானால் கிரேக்கப் பெயர்கள் எப்படிச் செய்யப்பட்டவை என்று கொஞ்சம் தெரிய வேண்டும். பெரும்பாலானவை இரண்டு சொற்களை ஒட்டிச் செய்தவை. ஒட்டிய இடமும் கேட்பவருக்குத் தெரியும். ஹிப்பொஸ் என்றால் குதிரை. டெமொஸ் என்றால் மக்கள். கிளெயொஸ் புகழ், மாகே போர். டெமொஸ்தெனீஸ் என்ற பெயர் 'மக்களின் வலிமை'. தமிழ்ச்செல்வன், வெற்றிவேல் என்று கேட்ட உடனேயே நமக்குப் பொருள் பிரிகிறது அல்லவா, அந்த மாதிரி. பெயரில் குதிரை இருந்தால் வீட்டில் காசு இருக்கிறது என்றும் அர்த்தம். குதிரை வளர்க்க அங்கே பணக்காரரால்தான் முடியும்.

கி.மு. 423இல் மேடையேறிய 'மேகங்கள்' நாடகம் ஒரு பெயர்ச் சண்டையைச் சொல்கிறது. அப்பா நாட்டுப்புறத்து ஆள், சிக்கனக்காரர். அம்மா நகரத்துப் பெரிய குடும்பத்துப் பெண். மகன் பிறக்கிறான். மூத்த மகனுக்கு அப்பப்பாவின் பெயரை வைப்பது அங்கே வழக்கம். ஆகவே தன்னுடைய தகப்பன் வழிப் பெயரான பைடோனிடீஸ் என்பதை வைக்க வேண்டும் என்று அப்பா நிற்கிறார். அதன் முதல் பாதி சிக்கனத்தைக் குறிக்கிற சொல். அம்மா விடவில்லை. கட்டாயம் குதிரை வேண்டும். ஸான்திப்பொஸ், காரிப்பொஸ், கல்லிப்பிடீஸ் என்று பட்டியல் போடுகிறார், எல்லாவற்றுக்குள்ளும் ஒரு ஹிப்பொஸ் நிற்கிறது. கடைசியில் இரண்டையும் ஒட்டி, பிள்ளைக்குப் பைடிப்பிடீஸ் என்று பெயர் விழுகிறது. நம் வாயில் சொன்னால் 'சிக்கனக்குதிரையன்'.

நம் வீடுகளில் எண்சாத்திரம், அம்மம்மாவின் விருப்பம், வெள்ளைக்காரர் வாயில் நுழைய வேண்டும் என்ற கவலை எல்லாம் சேர்ந்து ஒரு பெயர் உருவாகிற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எனக்கு இந்தக் காட்சி சிரிப்பு மூட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். பையன் வளர்ந்ததும் சிக்கனம் எங்கேயோ போய்விடுகிறது, குதிரை மட்டும் மிஞ்சுகிறது. பந்தயக் குதிரை வாங்கி அப்பாவைக் கடனில் ஆழ்த்துகிறான். அப்பாவின் பெயர் ஸ்ட்ரெப்ஸியாடீஸ். திருப்புவது, புரட்டுவது என்ற வினையிலிருந்து வந்தது. நாடகம் தொடங்கும்போது அவர் கடனை நினைத்து நித்திரை வராமல் படுக்கையில் புரண்டுகொண்டிருக்கிறார். பிறகு கடன்காரரை ஏமாற்ற நியாயத்தைப் புரட்டிப் பேசக் கற்கப் போகிறார். ஒரே பெயர் இரண்டு வேலை செய்கிறது.

இவர்கள் கற்பனைப் பாத்திரங்கள். அரிஸ்டோஃபனீஸ் இதோடு நின்றிருந்தால் அவருக்கு எதிரிகள் இருந்திருக்க மாட்டார்கள். அவர் உயிரோடு இருந்தவர்களையும், அன்றைக்கு அரங்கில் உட்கார்ந்திருக்கக்கூடியவர்களையும் இழுத்தார். பெயர் சொல்லிப் பகிடி பண்ணுவதற்குக் கிரேக்கத்தில் தனிச் சொற்றொடரே இருந்தது. கி.மு. 440 அளவில் ஒருமுறை நாடகப் பகிடிக்குத் தடை போட்டு மூன்று வருடத்தில் எடுத்துவிட்டார்கள் என்று பழைய உரைகாரர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அவருடைய முதல் எதிரி கிளெயோன். அந்த நாளில் ஏதென்ஸ் மக்கள் சபையில் மிகச் செல்வாக்கான பேச்சாளர். ஸ்பார்ட்டாவோடு நடந்த நீண்ட போரை விடாமல் நடத்த வேண்டும் என்று நின்றவர். குடும்பத்துக்குத் தோல் பதனிடும் தொழில். கிடதெனயோன் என்ற பகுதியைச் சேர்ந்தவர். அரிஸ்டோஃபனீஸும் அதே பகுதிதான். ஒரே வட்டாரத்து ஆட்களின் சண்டை எப்படிச் சூடாக இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கி.மு. 426இல் போட்ட ஒரு நாடகத்துக்காகக் கிளெயோன் அவரை நகர மன்றத்துக்கு முன் இழுத்தார். நட்பு நாடுகளிலிருந்து வந்த வெளியாட்களுக்கு முன்னால் நகரத்தைக் கேவலப்படுத்திவிட்டார் என்பது குற்றச்சாட்டு.

அரிஸ்டோஃபனீஸ் அடங்கவில்லை. கி.மு. 424இல் 'குதிரைவீரர்கள்' வந்தது. அதில் டெமொஸ் என்று ஒரு கிழவர், மக்கள் என்பதே அவர் பெயர். காது மந்தம், கோபக்காரர், முகத்துதிக்கு மயங்குகிறவர். அவர் புதிதாக ஓர் அடிமையை வாங்கியிருக்கிறார். அவன் எஜமானைத் தடவிக் கொடுத்து வீட்டையே தன் கைக்குள் போட்டுக்கொள்கிறான். மற்ற அடிமை பிசைந்து வைத்த பலகாரத்தைப் பறித்துத் தானே செய்ததாகப் பரிமாறுகிறான். பைலோஸ் என்ற இடத்தில் தளபதி டெமொஸ்தெனீஸ் தொடங்கிய வேலையைக் கிளெயோன் போய் முடித்து, ஸ்பார்ட்டா அணியில் 292 பேரைச் சிறைபிடித்துப் பெயர் தட்டிக்கொண்டு போனது அதற்கு முந்தைய வருடம்தான். அதனால் அடிமை யார் என்று அரங்கில் எல்லோருக்கும் விளங்கியது. முகமூடி செய்பவர்கள் பயத்தில் கிளெயோனின் முகத்தைச் செய்ய மறுத்துவிட்டார்கள், பரவாயில்லை, சனம் கெட்டிக்காரச் சனம், கண்டுபிடித்துவிடும் என்று நாடகத்திலேயே ஒரு வசனம் வருகிறது.

அந்த அடிமையின் பெயர் பஃப்லகோன். பஃப்லகோனியா என்பது கருங்கடலின் தெற்குக் கரையில் இருந்த நாடு, அங்கிருந்து அடிமைகள் வந்தார்கள். ஆனால் கிரேக்கத்தில் 'பஃப்லஸேய்ன்' என்று ஒரு வினையும் உண்டு. சட்டி கொதித்து, மூடி துள்ளி, பொங்கி வழிகிற சத்தம் அந்தச் சொல்லிலேயே கேட்கும். கிளெயோன் மேடையில் கத்திப் பேசுவதற்குப் பேர்போனவர். ஒரு கட்டத்தில் அவன் பொங்குகிறான், அடியிலிருந்து விறகை இழுங்கள் என்று நாடகம் கத்துகிறது. நாடகத்துக்கு முதற்பரிசு கிடைத்தது.

பிறகு நடந்ததுதான் எனக்கு ஆகப் பிடித்த பகுதி. சிரித்துக் கைதட்டிய அதே ஏதென்ஸ் மக்கள், கொஞ்ச நாளில் கிளெயோனைத் தளபதியாகத் தெரிவு செய்தார்கள். அரிஸ்டோஃபனீஸ் அடுத்த நாடகத்தில் அதைச் சொல்லிப் புலம்புகிறார்.

கி.மு. 422இல் 'குளவிகள்'. இதில் அப்பனுக்குப் பெயர் பிலோகிளெயோன், மகனுக்கு டெலிகிளெயோன் என்று வைத்துக்கொள்ளுங்கள் (சரியாகச் சொன்னால் முன்னே ஒரு பகரமும் உண்டு, தமிழ் வாய்க்கு அது ஓடாது). முதலாவது 'கிளெயோன்நேசன்', இரண்டாவது 'கிளெயோன்வெறுப்பன்'. அப்பனுக்குத் தினமும் நீதிமன்றம் போய் நடுவர் கூட்டத்தில் உட்காராவிட்டால் சோறு இறங்காது. நாள்கூலி 3 ஓபோல், அதைக் கூட்டிக் கொடுத்தவர் கிளெயோன். மகன் அவரை வீட்டில் பூட்டி, பொழுதுபோக்குக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு வழக்கு வைக்கிறான். குற்றவாளி ஒரு நாய். சிசிலிப் பாற்கட்டியைத் தனியே தின்றுவிட்டது. வழக்குப் போடுகிறதும் ஒரு நாய்.

இங்கேதான் மனுஷன் உச்சத்துக்குப் போகிறார். வழக்குப் போடுகிற நாயின் பெயர் 'கிடதெனயோன் கியோன்'. கியோன் என்றால் நாய், ஒலியில் கிளெயோன். ஊர்ப்பெயர் வேறு அப்படியே ஒட்டியிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்ட நாய் லாபெஸ். பிடுங்குவது என்ற வினையிலிருந்து செய்த பெயர். சிசிலிக்குக் கப்பற்படையோடு போய்வந்த தளபதியின் பெயர் லாகெஸ். ஓர் எழுத்துத்தான் மாறியிருக்கிறது. பாற்கட்டி துருவுகிற துருவலை சாட்சிக் கூண்டில் ஏறுகிறது. குட்டிகளைக் கொண்டுவந்து அழவிட்டு இரக்கம் கேட்கிறார்கள், அது அன்றைய நீதிமன்றங்களில் உண்மையாகவே நடந்த பழக்கம். வாழ்க்கையில் ஒருவரையும் விடுதலை செய்யாத கிழவர், மகன் செய்த தந்திரத்தால் வாக்குக் கல்லை மாறிப் போட்டு நாயை விட்டுவிடுகிறார், தெரிந்ததும் மயங்கி விழப் பார்க்கிறார்.

அதே நாடகத்தின் தொடக்கத்தில் ஒரு குட்டிப் பகிடி இருக்கிறது, என் நாக்குக்கு மிகவும் நெருக்கமானது. அல்கிபியாடீஸ் என்ற அழகான பிரபுக் குடும்பத்து இளைஞருக்கு ரகரம் வராது, லகரமாகத்தான் வரும். ஓர் அடிமை தான் கண்ட கனவைச் சொல்கிறான். கனவில் தெயோரொஸ் என்ற அரசியல்காரர் அண்டங்காகத்தின் தலையோடு இருக்கிறார். அண்டங்காகம் கோரக்ஸ். பக்கத்தில் நின்ற அல்கிபியாடீஸ் "தெயோலொஸைப் பார், கோலக்ஸின் தலை" என்கிறார். கோலக்ஸ் என்றால் முகத்துதிக்காரன், ஜால்ரா. பிழையான உச்சரிப்பு உண்மையைச் சொல்லிவிட்டது. பழத்தைப் பலமாக்கி, மழையை மலையாக்கிப் பேசிய நாட்களை நினைத்துக்கொண்டு இதை வாசித்துப் பாருங்கள். பல நூற்றாண்டு கழித்து அல்கிபியாடீஸின் வரலாற்றை எழுதிய புளூட்டார்க் இந்த வரிகளை எடுத்துக்காட்டி, அந்தக் கொன்னல் அவர் பேச்சுக்கு வடிவைத்தான் கொடுத்தது என்கிறார். எனக்கு ஒரு ரீச்சரும் அப்படிச் சொல்லவில்லை!

எல்லா இலக்குகளும் இவ்வளவு பெரிய ஆட்கள் இல்லை. கிளெயோனிமொஸ் என்று ஓர் இரண்டாம் தர அரசியல்காரர். பெயருக்குப் பொருள் 'புகழ்ப்பெயரன்'. போரில் கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடினார் என்று அரிஸ்டோஃபனீஸ் வருடக்கணக்காக விடாமல் துரத்தினார். 'பறவைகள்' நாடகத்தில் அவர் ஒரு மரமாகிவிடுகிறார். குளிர்காலத்தில் இலைக்குப் பதிலாகக் கேடயம் உதிர்க்கிற மரம். அது முளைப்பது கார்டியா என்ற ஊருக்கு அப்பால். கார்டியா என்றால் நெஞ்சு. ஆகவே நெஞ்சூருக்கு வெகுதூரம்.

லாமகொஸ் என்ற தளபதியின் கதை இன்னும் கொஞ்சம் சிக்கலானது. பெயரின் பின்பாதியில் போர் இருக்கிறது. விட்டுவிடுவாரா? போர்கள், லாமகொஸ்கள் என்று இரண்டையும் ஒரே வகைத் துன்பமாகச் சேர்த்து ஒப்பாரி வைக்கிறார். கி.மு. 421இல் வந்த 'அமைதி' நாடகத்தில் கல்யாண வீட்டில் ஒரு சிறுவன் போர்ப்பாட்டே பாடுகிறான். யார் பிள்ளை என்று கேட்டால், லாமகொஸின் மகன். அதுதானே பார்த்தேன், போர்விரும்பி ஒருவனின், போருக்கழுவான் ஒருவனின் மகனாகத்தான் இருப்பாய் என்று கதாநாயகன் புதிதாக இரண்டு 'மகொஸ்' பெயர்களைச் செய்து எறிகிறான். ஏழு வருடம் கழித்து, கி.மு. 414இல், சிசிலிப் படையெடுப்பில் லாமகொஸ் சண்டையில் இறந்துபோனார். கி.மு. 405இல் 'தவளைகள்' நாடகத்தில் அதே அரிஸ்டோஃபனீஸ் அவர் பெயரைத் திரும்பவும் எடுக்கிறார். இந்தமுறை பகிடி இல்லை, வீரன் லாமகொஸ் என்று மட்டும் சொல்கிறார்.

சோக்கிரட்டீஸுக்கு அப்படி ஒரு திருத்தம் கிடைக்கவில்லை. 'மேகங்கள்' நாடகத்தில் காசுக்குப் புரட்டுப்பேச்சுக் கற்பிக்கிறவராக அவரைச் சொந்தப் பெயரோடு மேடையேற்றினார். 'பறவைகள்' நாடகத்தில் அவர் பெயரையே வினையாக்கினார். எல்லோரும் முடி வளர்த்து, பட்டினி கிடந்து, குளிக்காமல், 'சோக்கிரட்டித்தார்கள்' என்று. கி.மு. 399இல் உண்மையான நீதிமன்றத்தில் உயிருக்காகப் பேசும்போது, தன்னைப் பற்றிய பழைய அவதூறுகளுக்கு உதாரணமாக அரிஸ்டோஃபனீஸின் நாடகத்தைச் சோக்கிரட்டீஸ் குறிப்பிட்டார் என்று அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதியிருக்கிறார். நாடகம் வந்து 24 வருடம் ஆகியிருந்தது. நஞ்சு குடித்தது நாடகத்தால் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு அரசியல் காரணங்கள் நிறைய உண்டு. ஆனால் அவர் முதலில் பதில் சொல்ல வேண்டியிருந்தது அந்தப் பழைய கதைகளுக்குத்தான்.

இந்த இடத்தில் திரும்பவும் பஃப்லகோனிடம் வருகிறேன். முதல்முறை வாசித்தபோது அந்தக் கொதிக்கிற சட்டிக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டாம்முறை எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. கிளெயோன் ஏதென்ஸ் குடிமகன், பணக்கார வீட்டுப் பிள்ளை. கிளெயைனெடொஸின் மகன், கிடதெனயோன் கிளெயோன் என்று தன் பெயர், அப்பா பெயர், ஊர்ப்பெயர் மூன்றும் உள்ள ஆள். அவருக்கு 'பஃப்லகோன்' என்பது ஏன் அவ்வளவு பெரிய அவமானம்? அந்த நகரத்தில் உண்மையாகவே அப்படிக் கூப்பிடப்பட்டவர்கள் இருந்தார்கள். லிடியாவிலிருந்து வந்த அடிமைக்கு லிடொஸ், சிரியாவிலிருந்து வந்தவனுக்கு சிரொஸ் என்று நாட்டின் பெயரையே வைத்து ஏதென்ஸ்காரர் கூப்பிட்டார்கள் என்று புவியியல் எழுதிய ஸ்ட்ராபோ சொல்கிறார். இல்லாவிட்டால் அந்த நாட்டில் எல்லோருக்கும் இருக்கிற ஏதாவது ஒரு பெயர். ஃபிரிகியன் என்றால் மானெஸ். வீட்டில் அம்மா அப்பா வைத்த பெயரை யாரும் கேட்கவில்லை. அரிஸ்டோஃபனீஸின் நாடகங்களிலும் அடிமைகள் இப்படித்தான் வருகிறார்கள்: திராக்கியப் பெண் 'திராட்டா', காரிய நாட்டுக்காரன் 'காரியோன்'. அங்கே அது பகிடியே இல்லை, சும்மா கூப்பிடுகிற பெயர்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேலே ஒரு பையன் படித்தான். எரித்திரியாவிலிருந்து வந்தவன். நன்றாக உதைபந்து விளையாடுவான். எல்லோரும் அவனை 'எரித்திரியா' என்றுதான் கூப்பிட்டார்கள். பந்தைக் கேட்கும்போதுகூட, "எரித்திரியா, இங்கே!" நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். என்னை எல்க் ஆக்கிய பையன் குறைந்தபட்சம் என் பெயரை ஒருமுறை காதால் கேட்டிருக்கிறான், கேட்காமல் அந்தப் பகிடியைச் செய்திருக்க முடியாது. எரித்திரியாப் பையனின் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கி.மு. 415இல் ஏதென்ஸில் ஒரு பெரிய மதநிந்தனை வழக்கு நடந்தது. தண்டிக்கப்பட்டவர்களின் சொத்துகளை ஏலத்தில் விற்று, விற்பனைக் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். 'பறவைகள்' அரங்கேறிய அதே காலம், கேடயம் உதிர்க்கிற மரத்துக்கு ஊரே சிரித்த காலம். அந்தக் கற்களின் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. பிரேயஸ் துறைமுகத்தில் வாழ்ந்த கெபிஸொடோரொஸ் என்பவரின் பெயர் ஒரு கல்லில் தெளிவாக இருக்கிறது. அதன் கீழே அவருடைய அடிமைகள், ஒரு வரிக்கு ஒருவர், விலையோடு. திராக்கியப் பெண், 165 டிராக்மா. அதன் பிறகு சிரியன், இல்லிரியன், ஸ்கிதியன், கொல்கியன். காரிய நாட்டுச் சின்னப் பையன் ஒருவன், 72 டிராக்மா.